சிகாகோவில் பரவியது, ஒன்டாரியோவில் அடங்கியது: நாய் ஃப்ளூ பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

2017 டிசம்பர் கடைசி வாரம். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், வின்ட்சர் நகரை ஒட்டிய எசெக்ஸ் கவுண்டியில் இரண்டு நாய்களுக்கு இருமல் தொடங்கியது. இரண்டும் தென் கொரியாவிலிருந்து புதிதாகக் கொண்டுவரப்பட்டவை. அவற்றோடு பழகிய இன்னொரு நாயும் படுத்துக்கொண்டது. மாதிரி எடுத்துப் பரிசோதித்ததில் ஜனவரியில் பதில் கிடைத்தது: எச்3என்2 வகை நாய் ஃப்ளூ. கனடாவில் இந்த வைரஸ் பிடிபட்டது அதுவே முதல் முறை.

2018 அக்டோபர் 30 வரை மாகாணத்தில் மொத்தம் 104 நாய்களிடம் தொற்று உறுதியானது. இரண்டு நாய்கள் இறந்தன. அத்தோடு தொற்றுச் சங்கிலி அறுந்தது. ஒரு சுவாச வைரஸ் ஊருக்குள் வந்து, நூறு நாய்களைத் தொட்டு, பிறகு ஊரைவிட்டே போவது அடிக்கடி நடக்கிற விஷயம் இல்லை. வின்ட்சரிலிருந்து காரில் ஐந்து மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய சிகாகோவில், மூன்று வருடம் முன்பு இதே வைரஸ் நுழைந்தபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாய்கள் நோயுற்றன. அங்கிருந்து அது அமெரிக்காவின் பல மாநிலங்களுக்குப் போனது.

வைரஸ் ஒன்றுதான். இரண்டு இடங்களிலும் அதைக் கொல்ல நாய்களுக்கென்று தனி மருந்து கிடையாது. நாய் வளர்க்கிறவர்களின் பழக்கங்களும் ஏறக்குறைய ஒன்றே: காலையில் டேகேர் (பகலில் நாயைப் பார்த்துக்கொள்ளும் இடம்), மாலையில் பார்க், ஊருக்குப் போனால் போர்டிங் (நாயைத் தங்கவைக்கும் விடுதி). அப்படியானால் வேறுபட்டது என்ன? எந்த நாய் எந்த நாயோடு எப்போது சேர்ந்திருந்தது என்ற கணக்கை ஒன்டாரியோ ஆரம்பத்திலேயே கையில் எடுத்தது, அந்தக் கணக்கில் வந்த நாய்கள் வீட்டோடு இருந்தன. நாயைக் காப்பாற்றும் வேலையில் பெரும்பங்கு இதில்தான் இருக்கிறது என்று நான் உறுதியாக நினைக்கிறேன். அதனால்தான் இந்த இரண்டு ஊர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

வைரஸ் எங்கிருந்து வந்தது

நாய்களுக்கு ஃப்ளூ வரும் என்பதே 2004 வரை பெரிதாக யாருக்கும் தெரியாது. அந்த வருடம் ஜனவரியில் ஃபுளோரிடாவின் பந்தயக் களம் ஒன்றில் 22 கிரேஹவுண்ட் நாய்கள் இருமிச் சுருண்டன. அவற்றில் எட்டு இறந்தன. ஃபுளோரிடா பல்கலைக்கழகமும் கார்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஆராய்ந்ததில், குதிரைகளிடம் பல காலமாக இருந்த எச்3என்8 வைரஸ் நாய்க்குத் தாவியிருப்பது தெரிந்தது. 2009இல் அதற்குத் தடுப்பூசியும் வந்தது.

எச்3என்2 வேறு வழியாக வந்தது. இதன் மூலம் பறவைகள். ஆசியாவில் பறவைகளிடமிருந்து நாய்களுக்குத் தாவி, 2007 வாக்கில் தென் கொரியாவில் நோயாக அடையாளம் காணப்பட்டது. சீனாவிலும் தாய்லாந்திலும் பிறகு கண்டார்கள். கொரியாவில் இறைச்சிக்காக நாய் வளர்க்கும் பண்ணைகள் இருந்தன; நூற்றுக்கணக்கான நாய்களைக் கூண்டுகளில் நெருக்கி வைத்த இடங்கள் அவை. அந்தத் தொழிலைத் தடை செய்யும் சட்டம் 2024 ஜனவரியில்தான் அங்கே நிறைவேறியது. அதற்கு முன்பே, பண்ணைகளிலிருந்து மீட்ட நாய்களை விலங்கு நல அமைப்புகள் விமானத்தில் ஏற்றி அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் அனுப்பித் தத்துக் கொடுத்துவந்தன. அதில் இருக்கும் கருணையை யாரும் குறைசொல்ல முடியாது. ஆனால் நாயோடு சேர்ந்து வைரஸும் டிக்கெட் இல்லாமல் பயணம் செய்தது.

2015, சிகாகோ

சிகாகோவில் சிக்கல் அடையாளம் தெரியாமலேயே ஆரம்பித்தது. 2015இன் தொடக்கத்தில் போர்டிங் விடுதிகளிலும் டேகேர்களிலும் நாய்கள் இரும ஆரம்பித்தன. எப்போதும் வருகிற கென்னல் காஃப், அதாவது நாய்களுக்குள் சாதாரணமாகப் பரவும் இருமல்தான் என்று முதலில் நினைத்தார்கள். அது நியாயமான ஊகமும்தான். நாய்கள் கூடும் இடங்களில் போர்டெடெல்லா பாக்டீரியா, பாரா இன்ஃப்ளுயன்சா, அடினோவைரஸ், மைக்கோபிளாஸ்மா என்று இருமல் வரவழைக்கும் கிருமிகள் பல உண்டு. பெரும்பாலான நாய்களுக்கு ஒரு வாரம், பத்து நாளில் சரியாகிவிடும்.

இது அப்படிச் சரியாகவில்லை. ஒரே விடுதியில் இருந்த நாய்களில் ஏறக்குறைய எல்லாமே படுத்தன. ஃப்ளூவாக இருக்கலாம் என்று சந்தேகம் வந்தபோது, தெரிந்த ஃப்ளூவான எச்3என்8 என்றே எடுத்துக்கொண்டார்கள். ஆய்வகத்தில்தான் முரண்பாடு வெளிப்பட்டது: பொதுவாக ஏ வகை ஃப்ளூவைக் காட்டும் பிசிஆர் சோதனையில் பாசிட்டிவ், எச்3என்8க்கென்றே உள்ள சோதனையில் நெகட்டிவ். கார்னெல், விஸ்கான்சின் ஆய்வகங்கள் தொடர்ந்து ஆராய்ந்து, ஆசியாவில் சுற்றும் எச்3என்2தான் இது என்று ஏப்ரல் 12 அன்று அறிவித்தன. கொரிய வைரஸோடு மரபணு மிக நெருக்கமாகப் பொருந்தியது. எந்த நாய் வழியாக வந்தது என்பது கடைசிவரை நிரூபிக்கப்படவில்லை.

அந்த அறிவிப்பு வருவதற்குள்ளேயே ஆயிரம் நாய்களுக்கு மேல் நோயுற்றிருந்தன. குறைந்தது ஐந்து இறந்திருந்தன. விடுதிகள் மூடப்பட்டன. நாய் பார்க்குகளுக்குப் போகாதீர்கள் என்று சிகாகோ அடங்கிய குக் கவுண்டியின் அதிகாரிகள் கேட்டுக்கொண்டார்கள். வீடில்லாத நாய்களை எடுத்து வைக்கும் காப்பகங்கள் திணறின, ஏனென்றால் காப்பகத்தின் வேலையே தினமும் புது நாய்களை உள்ளே எடுப்பது. எச்3என்8 தடுப்பூசி போட்டிருந்தவர்கள் நம் நாய்க்கு வராது என்று தைரியமாக இருந்தார்கள். அந்த ஊசி புது வைரஸிடமிருந்து காப்பாற்றும் என்று நம்ப இடமில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

சிகாகோ நமக்குக் கற்றுக்கொடுத்த மிக முக்கியமான விஷயம் அந்தக் காப்பகங்களிலிருந்தே வந்தது. விஸ்கான்சின் பல்கலைக்கழகக் காப்பக மருத்துவக் குழுவினர், சிகாகோ பகுதியின் மூன்று காப்பகங்களில் 16 நாய்களைத் தொடர்ந்து சோதித்தார்கள். பழைய எச்3என்8 வைரஸை நாய் ஒரு வாரம், பத்து நாள் வரைதான் வெளியேற்றும். எச்3என்2 அப்படி இல்லை. 24 நாள் வரைகூட வைரஸ் வெளியேறிக்கொண்டிருந்தது. அதுவும் தொடர்ச்சியாக இல்லை. இன்று நெகட்டிவ், இரண்டு நாள் கழித்துப் பாசிட்டிவ் என்று மாறி மாறி வந்தது. இருமல் நின்று, ஓடி விளையாடி, தட்டைக் காலி செய்கிற நாய்கூட மூன்றாவது வாரத்தில் பக்கத்து நாய்க்குத் தொற்றைக் கொடுக்க முடியும். "இப்போது நன்றாகிவிட்டதே, டேகேருக்கு அனுப்பலாம்" என்று பத்தாவது நாளில் எடுக்கும் முடிவு ஏன் ஆபத்து என்பது இதிலிருந்தே புரியும்.

இன்னொரு ஆய்வையும் இங்கே சொல்ல வேண்டும். பழைய எச்3என்8 அமெரிக்கா முழுக்க ஏன் பரவவில்லை என்று கேட்ட ஆய்வாளர்கள், 2014இல் ஒரு விடை தந்தார்கள். வைரஸுக்குப் பரவும் திறன் குறைவு என்பது காரணமில்லை. வீட்டு நாய்கள் ஒன்றையொன்று சந்திப்பது அவ்வளவு குறைவு. நாய்கள் வந்து போய்க்கொண்டே இருக்கும் பெரிய காப்பகங்களில் மட்டும்தான் அது நிலைத்து நின்றது. வெளியே வந்தால் கொஞ்ச தூரம் போய் அணைந்துவிடும். வீட்டு நாய்க்கு இது நல்ல செய்தி. நாய்கள் கூட்டமாகச் சேரும் ஒரு சில இடங்களை அடைத்தால் போதும், மீதி தானாக வற்றும்.

2018, ஒன்டாரியோ

எசெக்ஸில் முதல் நாய்களைப் பார்த்தவர்களுக்குச் சிகாகோவின் அனுபவம் முன்னால் இருந்தது. கொரியாவிலிருந்து வந்த நாய், இருமல் என்றதும் ஃப்ளூவா என்று பார்க்கத் தோன்றியது. அந்த ஒரு கேள்வியை முதல் வாரத்திலேயே கேட்டதால்தான் மற்றதெல்லாம் சாத்தியமானது.

குவெல்ஃப் பல்கலைக்கழகத்தின் ஒன்டாரியோ கால்நடை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஸ்காட் வீஸ், மாகாண வேளாண் அமைச்சகத்தின் கால்நடை மருத்துவர் மவ்ரீன் ஆண்டர்சன் முதலானோர் இந்த வேலையின் மையத்தில் இருந்தார்கள். செய்தது, சொல்லப்போனால், எளிமையான காரியம். ஒரு நாய்க்குப் பாசிட்டிவ் வந்தால் அதன் உரிமையாளரிடம் உட்கார்ந்து பேசினார்கள். எங்கே கூட்டிப்போனீர்கள், யார் வீட்டு நாய் வந்தது, எந்த விடுதி, எந்த கிளினிக், என்ன தேதி. கிடைத்த ஒவ்வொரு நாயின் வீட்டுக்கும் தகவல் போனது. அறிகுறி இருந்தாலும் இல்லாவிட்டாலும் சோதனை செய்தார்கள். பாசிட்டிவ் வந்தவை 28 நாள் வரை தனிமையில் வைக்கப்பட்டன. 2020க்குப் பிறகு இந்தச் சொற்களெல்லாம் நம் எல்லோருக்கும் பழகிவிட்டன. ஒன்டாரியோவின் நாய்க்காரர்கள் அதற்கு இரண்டு வருடம் முன்பே இதைச் செய்துகொண்டிருந்தார்கள், பெரும்பாலும் தங்கள் சொந்தச் சம்மதத்தில்.

சோதித்ததில் வெளியே எந்த அறிகுறியும் இல்லாத நாய்களிடமும் வைரஸ் இருந்தது. நாய் ஃப்ளூவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு நாய் இப்படித்தான்: இருமாது, மூக்கு ஒழுகாது, ஆனால் வைரஸை வெளியேற்றும். இருமுகிற நாயை மட்டும் தேடியிருந்தால் இவை விட்டுப்போயிருக்கும், சங்கிலியும் அறுந்திருக்காது.

வேலை அத்தோடு முடியவில்லை. மார்ச் மாதத்தில், எசெக்ஸுக்கு வெகுதூரம் வடக்கே மஸ்கோகா பகுதியில் இன்னொரு கொத்து முளைத்தது. சீனாவிலிருந்து கொண்டுவரப்பட்ட நாய்களிடமும் வைரஸ் கிடைத்தது. விடுதிகளுக்குள் புகுந்தபோது வேகமாகப் பரவியது. ஒரு கூட்டத்தில் ஒரு நாய்க்கு வந்தால் பெரும்பாலானவற்றுக்கு வந்தது. மஸ்கோகா ஏரிகளும் விடுமுறை வீடுகளும் நிறைந்த பகுதி. மே மாத நீண்ட வார இறுதியில் தொடங்கி, டொராண்டோவிலிருந்து குடும்பம் குடும்பமாக, நாயோடு கிளம்பிப் போவார்கள். அந்தக் கூட்டம் வருவதற்குள் அடக்காமல் விட்டிருந்தால், திரும்பி வரும் கார்களில் வைரஸ் டொராண்டோவின் பார்க்குகளுக்கு வந்திருக்கும் என்றே நான் நினைக்கிறேன். அங்கேயும் அதே முறைதான்: கேட்டறிவது, சோதிப்பது, தனிமைப்படுத்துவது.

இறந்தது 104இல் இரண்டு. நோய் எப்போதும் இவ்வளவு சாதுவாக இருக்கும் என்று இதை வைத்து முடிவுக்கு வரக்கூடாது. நோய் வயதான, நெஞ்சு பலவீனமான நாய்களிடம் போவதற்குள் நிறுத்தப்பட்டதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இதில் அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டு என்பதை மறைக்கக் கூடாது. முதல் நோயாளிகள் புதிதாக வந்தவை என்பதால் சந்தேகம் உடனே விழுந்தது. ஜனவரிப் பனியில் நாய் பார்க்குகளில் கூட்டம் குறைவு. பெரிய காப்பகம் எதற்குள்ளும் அது ஆழமாக வேரூன்றவில்லை. ஆனாலும், ஒரு மாதம் நாயை வீட்டோடு வைத்த அந்தக் குடும்பங்களின் பங்கை அதிர்ஷ்டத்தின் கணக்கில் எழுதுவது அநியாயம். இளம் லாப்ரடாரை நான்கு வாரம் பார்க்குக்குக் கூட்டிப்போகாமல் வைத்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று வளர்த்தவர்களுக்குத் தெரியும்.

வீட்டில் எப்படித் தெரியும்

தொற்றிய இரண்டு முதல் எட்டு நாளுக்குள் அறிகுறி தொடங்கும். வறட்டு இருமல் முதலில். தொண்டையில் எலும்பு சிக்கிக்கொண்டதோ என்று பதறும்படி கழுத்தை நீட்டி இருமி, கடைசியில் கொஞ்சம் நுரையைக் கக்கும். பலர் வாந்தி என்று நினைத்துக் கஞ்சியும் தயிர்சாதமும் கொடுக்க ஆரம்பிப்பது இந்தக் கட்டத்தில்தான். மூக்கு ஒழுகும், முதலில் தண்ணீராக, பிறகு கெட்டியாக. தும்மல், காய்ச்சல், சோர்வு, சாப்பாட்டில் விருப்பமின்மை. சங்கிலியை எடுத்தாலே வாசலுக்கு ஓடுகிற நாய் தலையை மட்டும் தூக்கிப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொள்ளும்.

பெரும்பாலான நாய்கள் இரண்டு மூன்று வாரத்தில் தேறிவிடும். பயப்பட வேண்டியது நிமோனியாவுக்கு. அதை வீட்டிலேயே கவனிக்க ஒரு எளிய வழி உண்டு. நாய் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் நோய் வருவதற்கு முன்பே இதைப் பழகிக்கொள்ள வேண்டும் என்பேன். நாய் நன்றாகத் தூங்கும்போது பக்கத்தில் உட்காருங்கள். போனில் 30 விநாடி டைமர் வையுங்கள். விலா ஏறி இறங்குவதை ஒன்று என்று எண்ணுங்கள். வந்ததை இரண்டால் பெருக்குங்கள். ஆரோக்கியமான நாய்க்குத் தூக்கத்தில் நிமிடத்துக்கு 30க்குக் கீழேதான் வரும். உங்கள் நாயின் வழக்கமான எண் என்ன என்று தெரிந்து வைத்திருந்தால், நோய் நாளில் அது 40ஐத் தாண்டும்போது யாரும் சொல்லாமலே புரியும். மூச்சுக்கு வயிறும் சேர்ந்து இழுப்பது, படுக்க முடியாமல் உட்கார்ந்தே இருப்பது, ஈறு வெளிறியோ நீலமாகவோ தெரிவது, ஒரு நாளுக்கு மேல் சாப்பிடாமல் இருப்பது, இவற்றில் எது வந்தாலும் காலை வரை காத்திருக்கக் கூடாது.

பக், புல்டாக் போன்ற தட்டை மூக்கு நாய்களுக்கு மூச்சுப்பாதை பிறப்பிலேயே குறுகல். அவற்றுக்கும், வயதான நாய்களுக்கும், இதய நோயோ நுரையீரல் நோயோ உள்ளவற்றுக்கும், குட்டிகளுக்கும் இன்னும் சீக்கிரம் டாக்டரைக் கேட்க வேண்டும்.

ஆனால் நேராக கிளினிக்குக்குள் நுழைந்துவிடாதீர்கள். முதலில் போன். "நாய் இருமுகிறது, போன வாரம் இந்த விடுதியில் இருந்தது" என்று சொன்னால், காரிலேயே இருங்கள் என்பார்கள். அங்கேயே வந்து பார்ப்பார்கள், இல்லையென்றால் பக்கவாசல் வழியாகத் தனி அறைக்கு அழைப்பார்கள். வரவேற்பறையில் ஊசிக்காகக் காத்திருக்கும் இரண்டு மாதக் குட்டியை நினைத்துப் பாருங்கள். மாதிரி எடுப்பது மூக்கிலும் தொண்டையிலும் பஞ்சுக் குச்சியால்தான். நோய் தொடங்கிய முதல் சில நாட்களில் எடுத்தால் விடை தெளிவாக இருக்கும். நாள் கடந்தபின் வரும் ஒரு நெகட்டிவை மட்டும் நம்பித் தனிமையை முடிக்கக் கூடாது. காரணம் மேலே சொன்ன சிகாகோ நாய்கள்.

மருந்து விஷயத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மனிதர்களுக்கான எதையும் கொடுக்காதீர்கள். ஐபுப்ரோஃபென் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். பாராசிட்டமால் கல்லீரலைத் தாக்கும், பூனைக்கு ஒரு மாத்திரையே உயிரை எடுக்கும். சர்க்கரை இல்லாத இருமல் சிரப்களில் சைலிட்டால் இருக்கலாம். அது நாயின் ரத்தச் சர்க்கரையைக் கிடுகிடுவென்று இறக்கிவிடும். மூக்கடைப்பு மாத்திரைகள் இதயத்தைப் பதற வைக்கும். ஃப்ளூ வைரஸுக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. வைரஸ் புண்ணாக்கிய நெஞ்சில் பாக்டீரியா புகுந்து, காய்ச்சல் ஏறி, கெட்டிச் சளி வந்தால் டாக்டர் எழுதிக் கொடுப்பார். மீதி ஓய்வு, தண்ணீர், கொஞ்சம் சூடாக்கிய மணமான சாப்பாடு. மூக்கு அடைத்த நாய்க்கு மணம் தெரிந்தால்தான் பசி வரும். கழுத்து பெல்ட்டைக் கழற்றிவிட்டு, வெளியே போகும்போது மார்பில் மாட்டும் ஹார்னஸ் போடுங்கள். பெல்ட் அழுத்தும் ஒவ்வொரு முறையும் இருமல் கிளம்பும்.

அந்த 28 நாட்கள்

தனிமை என்றால் நாயை அறையில் பூட்டுவது இல்லை. உங்கள் வீட்டு மனிதர்களோடு அது தாராளமாக இருக்கலாம். நாய் ஃப்ளூ இதுவரை மனிதர்களுக்குத் தொற்றியதாகப் பதிவு இல்லை. வேறு நாய்களிடமிருந்து மட்டும் விலக்க வேண்டும். பூனை இருந்தால் அதையும்: 2016இல் இண்டியானாவின் ஒரு காப்பகத்தில் பூனைகளுக்கு இந்த எச்3என்2 தொற்றியது.

தனி வீடு, பின்பக்கத் தோட்டம் என்றால் பிரச்சினை குறைவு. டொராண்டோவிலும் ஸ்கார்பரோவிலும் நம் ஆட்கள் பலர் நாயோடு இருப்பது அடுக்குமாடியில். அங்கே சிக்கல் லிஃப்ட்தான். இருமிய நாய் இறங்கிப்போன சின்னப் பெட்டிக்குள் அடுத்த நிமிடமே இன்னொரு நாய் ஏறும். ஆள் நடமாட்டம் குறைந்த நேரத்தில் இறக்குவது, உள்ளே நாய் இருந்தால் அடுத்த லிஃப்டுக்குக் காத்திருப்பது, முடிந்தால் படிக்கட்டு. கதவில் ஒரு சீட்டு ஒட்டி, "எங்கள் நாய்க்கு இருமல், தேதி இத்தனை வரை தள்ளி இருக்கிறோம்" என்று எழுதிவைப்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் அதற்காக உங்களை நன்றியோடுதான் நினைப்பார்.

இந்த வைரஸ் பாத்திரம், தரை போன்ற பரப்புகளில் 48 மணி நேரம் வரை, துணியில் ஒரு நாள் வரை, கையில் 12 மணி நேரம் வரை தாக்குப்பிடிக்கும். ஆனால் சோப்புக்கே செத்துவிடும் ரகம் இது. கை கழுவுவது, சட்டை மாற்றுவது, கிண்ணத்தைக் கழுவுவது போதும். பார்க்கில் எல்லா நாய்க்கும் பொதுவாக வைக்கும் தண்ணீர்ச் சட்டியை நோய்க் காலத்தில் தொடவே விடாதீர்கள். இரண்டு நாய் வைத்திருக்கும் நண்பர் வீட்டுக்குப் போகிறீர்கள் என்றால், உங்கள் நாயைக் கொஞ்சிய அதே சட்டையோடு போகாதீர்கள்.

ஒரே வீட்டில் இரண்டு நாய் என்றால் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. முதல் நாய்க்கு ஒன்றாம் தேதி இருமல், இரண்டாவதற்கு எட்டாம் தேதி என்றால், நாட்களை எட்டாம் தேதியிலிருந்துதான் எண்ண வேண்டும். முதல் நாய்க்கு நாள் முடிந்துவிட்டதே என்று அதை மட்டும் டேகேருக்கு அனுப்பினால், வீட்டில் இருக்கும் இரண்டாவதன் வைரஸை அது சுமந்துகொண்டு போகலாம்.

விடுதிகளும் டேகேர்களும்

நோய் பரவும் காலத்தில் போர்டிங்கைத் தவிர்ப்பதே நல்லது. வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்ளும் ஆள் கிடைத்தால் அதுவே மேல். தவிர்க்கவே முடியாது என்றால், பளபளப்பான அறைகளைப் பார்த்து ஏமாறாமல் இரண்டு கேள்வி கேளுங்கள். இருமும் நாய் ஒன்று வந்தால் எங்கே வைப்பீர்கள்? அதே காற்று சுற்றும் பக்கத்து அறை என்றால் அது பதில் இல்லை. எந்தத் தேதியில் எந்தெந்த நாய்கள் இருந்தன என்ற பட்டியல், போன் நம்பரோடு இருக்கிறதா? ஒரு விடுதியில் அந்தப் பட்டியல் சரியாக இருந்தால் தொடர்பைத் தேடுவது ஒரு மத்தியான வேலை. இல்லையென்றால் வைரஸ் எப்போதும் ஒரு வாரம் முன்னால் ஓடிக்கொண்டிருக்கும்.

நாய் நோயுற்றால் விடுதிக்குச் சொல்லிவிடுங்கள். சண்டைக்குப் போவதுபோல் இல்லாமல், தகவலாக. பல உரிமையாளர்கள் சங்கடப்பட்டுச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். சில விடுதிகள் பெயர் கெட்டுவிடும் என்று மூடி மறைக்கின்றன. இந்த இரண்டு மௌனங்களும் சேரும் இடத்தில்தான் ஒரு நாயின் இருமல் ஐம்பது நாய்களின் இருமலாகிறது.

தடுப்பூசி

சிகாகோவுக்குப் பிறகு, 2015 நவம்பரில் எச்3என்2 தடுப்பூசிக்கு அமெரிக்காவில் நிபந்தனை உரிமம் கிடைத்தது. பிறகு இரண்டு வகை ஃப்ளூவுக்கும் சேர்த்து ஒரே ஊசியாகவும் வந்தது. இரண்டு தவணை, நடுவில் இரண்டு முதல் நான்கு வாரம்; பிறகு வருடத்துக்கு ஒன்று. இரண்டாவது தவணைக்குப் பிறகுதான் பாதுகாப்பு சரியாக அமையும். ஊரில் நோய் என்ற செய்தி வந்த அன்று ஊசிக்கு ஓடினால், பலன் கிடைக்க ஒரு மாதம் ஆகும். போர்டிங், டேகேர், கண்காட்சி என்று சுற்றும் நாய்க்கு முன்கூட்டியே போடுவது நல்லது. வீட்டையும் தெருவையும் தாண்டாத நாய்க்கு எவ்வளவு அவசியம் என்பதை உங்கள் டாக்டரோடு பேசி முடிவு செய்யலாம். ஊசி தொற்றை முழுசாகத் தடுக்காது. நோயின் கடுமையையும் வைரஸ் வெளியேற்றத்தையும் குறைக்கும். நோய்க் காலத்தில் ஊசி போட்ட நாயும் பார்க்கைத் தவிர்க்கத்தான் வேண்டும்.

கென்னல் காஃப் ஊசி போட்டிருக்கிறேனே என்று பலர் சொல்வார்கள். அது போர்டெடெல்லா போன்ற வேறு கிருமிகளுக்கு. ஃப்ளூவுக்கு அதில் பாதுகாப்பு இல்லை. ஆனாலும் போட்டு வையுங்கள். ஒரு கிருமி பிடித்த நெஞ்சில் இன்னொன்று சேரும்போதுதான் நோய் முற்றுகிறது.

கிருமியின் பெயரே தெரியாத காலத்திலும் இந்த முறை உதவும். 2023 இலையுதிர் காலத்தில் அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில் நாய்களிடம் ஒரு நீண்ட இருமல் நோய் பேசப்பட்டது. 200க்கும் மேற்பட்ட நாய்கள் பற்றி மாநில அதிகாரிகளுக்குத் தகவல் வந்தது. புதுக் கிருமி ஏதோ என்று நாடெங்கும் பயம். எல்லா நாய்களையும் இணைக்கும் ஒரு புதுக் கிருமி உறுதிப்படவில்லை. அப்போதும் டாக்டர்கள் சொன்னது இதையேதான்: கூட்டத்தைத் தவிருங்கள், இருமும் நாயை வீட்டில் வையுங்கள், ஊசிகளை முடித்து வையுங்கள்.

வெளிநாட்டிலிருந்து நாய் வரும்போது

ஒன்டாரியோவின் தொற்று விமானத்தில் வந்தது என்பதால் இதைச் சொல்லாமல் முடிக்க முடியாது. 2022 செப்டம்பர் 28 முதல், வெறிநோய் அபாயம் அதிகம் என்று கனடா வகைப்படுத்திய நாடுகளிலிருந்து வணிகப் பிரிவில் நாய்கள் வர அனுமதி இல்லை. தத்துக் கொடுப்பதற்காகக் கொண்டுவரும் நாய்களும் அந்தப் பிரிவில்தான் அடங்கும். பட்டியலில் இந்தியாவும் இலங்கையும் சீனாவும் இருக்கின்றன. இந்தத் தடை ஃப்ளூவுக்காக வந்தது இல்லை என்றாலும் அந்த வழியையும் பாதி அடைத்திருக்கிறது. சொந்த நாயை உரிய சான்றிதழ்களோடு கொண்டுவருவது தனிப் பிரிவு. சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ வளர்த்த நாயைக் குடும்பத்தோடு கனடாவுக்கு அழைத்து வருகிறவர்கள் கிளம்பும் முன் அப்போதைய விதிகளை அரசு உணவு ஆய்வு முகமையிடம் கேட்டுவிட வேண்டும்.

வந்து இறங்கிய நாய்க்கு இருமல் இல்லை என்றாலும் முதல் 28 நாள் மற்ற நாய்களிடம் விடாதீர்கள். நீண்ட விமானப் பயணமும் புது இடமும் நாயைத் தளர்த்தும்; வழியில் பிடித்த கிருமி வெளியே வருவதும் அந்த வாரங்களில்தான். டாக்டரிடம் முதல் முறை போன் செய்யும்போதே, எந்த நாட்டிலிருந்து, எந்த விடுதியில் தங்கி, எத்தனை நாய்களோடு ஒரே சரக்கறையில் வந்தது என்பதைச் சொல்லிவிடுங்கள். அவர் கேட்பார் என்று காத்திருக்க வேண்டாம்.